சாம்பல் நிறப் பெயின்ட்

"ஏம்மா, பார்த்தா படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. பண்ற வேலையா இது?" காவலாளி கத்தினார்.

அந்தப் பெண் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அருங்காட்சியகமாகிவிட்ட அந்தப் பழைய போர்க்கப்பலின் கீழ்த்தளத்தில், ஓர் இரும்புக் கதவின் ஓரத்தை வீட்டுச் சாவியால் சுரண்டிக்கொண்டிருந்தாள். சாம்பல் நிறப் பெயின்ட் செதில் செதிலாக உதிர்ந்தது.

"டிக்கெட்டைக் காட்டுங்க!"

திரும்பிப் பார்க்காமலே நீட்டினாள்.

"ரெண்டு இருக்கு? இன்னொருத்தர் எந்தக் கதவைச் சுரண்டுறார்?"

அதற்குள் கப்பலின் பொறுப்பாளர் படியிறங்கி ஓடி வந்தார். போன மாதம்தான் அடித்த பெயின்ட். அவளிடம் எரிச்சலோடு கேட்டார்:

"போலீஸைக் கூப்பிடவா?"

"தாராளமா கூப்பிடுங்க. இந்தப் போர்டை மாட்டினது யாருன்னும் அவங்ககிட்ட சொல்லுங்க."

பக்கத்தில் தொங்கிய பலகையைச் சாவியாலேயே தட்டினாள். 'போரில் குண்டு துளைத்துத் தண்ணீர் புகுந்தபோது இந்தக் கதவு தானாக இறுகிக்கொண்டது. உள்ளே சிக்கிய பதினோரு பேர் உயிர் நீத்தனர்.'

"தானா இறுகிச்சாம்! இத்தனை வருஷமா முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்க. எத்தனை கடிதம் போட்டேன்? ஒண்ணுக்காவது பதில் உண்டா?"

கடிதங்கள் ஞாபகத்துக்கு வந்ததும் பொறுப்பாளரின் குரல் இறங்கியது. "செத்தவங்க குடும்பமெல்லாம் விதின்னு மனசைத் தேத்திக்கிட்டாங்கம்மா. இப்ப எதுக்கு அதைக் கிளறணும்?"

"தேத்திக்கிறதா? எங்க வீட்ல எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது, தெரியுமா சார்? குளிக்கிற ரூமுக்குக்கூடத் திரைச்சீலைதான்." ஆத்திரத்தோடு மறுபடியும் சுரண்டினாள்.

பெயின்ட்டுக்குக் கீழே, ஆணியால் கீறிய ஓர் எண் தெரிந்தது. 417.

"எங்க அப்பா நம்பர்," என்றாள்.

பொறுப்பாளருக்கு என்னவோபோல் ஆகிவிட்டது. "மன்னிச்சுக்கோங்கம்மா. அப்பா பேரு அந்தப் பித்தளைத் தகட்டுல இருக்கும், வாங்க."

எதிர்ச்சுவரில் பதினோரு பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கப்பற்படை எண். விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவர், மறுபடியும் முதலிலிருந்து பார்த்தார்.

"இதுல 417 இல்லையேம்மா?"

"எப்படி இருக்கும்? கீறல் கதவுக்கு வெளியே, இந்தப் பக்கம்தானே இருக்கு! உத்தரவு வந்து கதவை மூடுறவன் தன் நம்பரை அதுல கீறணும். அதான் அன்னிக்குக் கப்பல்ல சட்டம்."

காவலாளியின் கையிலிருந்த டிக்கெட்டுகளில் ஒன்றைப் பிடுங்கிப் பொறுப்பாளர் கையில் திணித்தாள்.

"அப்பா கரையில கார்ல உக்காந்திருக்கார். அந்தப் போர்டைக் கழட்டினாத்தான் உள்ள வருவாராம்!"