நண்டு உண்ணிக்கு ஒரு சாட்சி

"ரெண்டாவது ஆளு யாரு?"

கௌசல்யா டீச்சர் இதைக் கேட்காத நாளே கிடையாது. திண்டுக்கல் பறவைக் குழுவின் நோட்டு அவர் கையில். ஒரு பறவையை ரெண்டு பேராவது பார்த்திருந்தால்தான் அது நோட்டில் ஏறும். கணக்கு டீச்சர் வேறு, இம்மிகூட இறங்கி வரமாட்டார்.

போன ஏப்ரலில், இதே ராமநாதபுரம் கடற்கரைச் சதுப்பில், எரியோட்டு முருங்கை விவசாயி சுருளிவேல் குதித்துக் குதித்து வேன் வரைக்கும் ஓடிவந்தார்.

"டீச்சர், நண்டு உண்ணியப் பார்த்துட்டேன். கறுப்பு வெள்ளை, தடி மூக்கு. நண்டை அப்புடியே முழுங்குது."

"ரெண்டாவது ஆளு யாரு?"

"நான் மட்டுந்தேன் நின்னேன்."

"அப்ப எழுத முடியாதுண்ணே."

குழுவில் அதுவரை யாருமே பார்த்திராத பறவை அது. அன்றைக்கு வாயை மூடியவர்தான், வருஷம் பூரா டீச்சரிடம் ஒரு வணக்கத்தோடு சரி.

இந்த ஏப்ரலில் வேன் ஏறும்போதே பேகம்பூர் ஃபர்ஹீன் டீச்சரின் காதைக் கடித்தாள்.

"அக்கா, சுருளியண்ணே இன்னும் பொருமிக்கிட்டுத்தான் இருக்காரு. இன்னைக்கு ஏதாச்சும் வம்பு இழுப்பாரு, பாத்துக்கங்க."

"இழுக்கட்டும். சட்டம் சட்டந்தான்."

சதுப்பில் இறங்கியதும் எல்லாருக்கும் கிறுக்குப் பிடித்துவிட்டது. ஊரில் குளமெல்லாம் வெடித்துக் கிடக்கிறது. இங்கேயோ கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர், தண்ணீர் நிறையப் பூநாரை. வேனில் வந்த பாண்டியராஜ் பூநாரை போலவே ஒற்றைக்காலில் நின்று காட்டுகிறேன் என்று சேற்றில் விழுந்தார். பார்த்துச் சிரித்த டீச்சரும் வழுக்கி விழுந்தார். டீச்சர் விழுந்ததைப் பார்த்து மொத்தக் கூட்டமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

டீச்சரின் பைனாகுலர் முழுக்கச் சேறு. தூக்கிவிட்டவர்களில் யாரோ தன் பைனாகுலரைக் கழற்றி அவர் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். அப்போதிருந்த சிரிப்பில் யாரென்றுகூட அவர் பார்க்கவில்லை.

அதை வைத்துத்தான் அவர் அந்தப் பறவையைப் பார்த்தார். கால் கிலோமீட்டர் தள்ளி, மணல் திட்டில், கடற்காகக் கூட்டத்துக்கு நடுவே. கறுப்பு வெள்ளை. தடி மூக்கு. வாயில் நண்டு.

ஐம்பத்து நாலு வயது டீச்சர் சின்னப் பிள்ளை மாதிரி குதித்தார்.

"நண்டு உண்ணி! எல்லாரும் வாங்க, நண்டு உண்ணி!"

எல்லாரும் வந்தார்கள், தடதடவென்று ஓடி. அந்தச் சத்தத்தில் திட்டில் இருந்த அத்தனை பறவைகளும் கிளம்பிப் போய்விட்டன.

"சத்தியமா நான் பார்த்தேன்" என்றார் டீச்சர்.

ஃபர்ஹீன்தான் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"ரெண்டாவது ஆளு யாருக்கா?"

டீச்சர் பார்த்தபோது பக்கத்தில் நின்றது ஒரே ஒருத்தர். சுருளிவேல். பழிவாங்க இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? ஃபர்ஹீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நான் பார்த்தேன்" என்றார் சுருளிவேல். "தடி மூக்கு. எழுதுங்க டீச்சர்."

ஒரே கைதட்டல். குழுவின் முதல் நண்டு உண்ணி நோட்டில் ஏறியது. அந்தச் சந்தோஷத்தில் பத்து மணிக்கே பிரியாணி அண்டாவைத் திறந்துவிட்டார்கள்.

சாப்பிட உட்கார்ந்த டீச்சர் கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றினார். வாரில் பேனாவால் எழுதியிருந்தது: 'சுருளிவேல், எரியோடு.'

எழுந்துபோய் அவர் முன்னால் நின்றார்.

"அண்ணே, உங்க பைனாகுலரு என் கழுத்துல கெடந்திருக்கு. அம்புட்டுத் தூரத்துல இருந்தத நீங்க எத வச்சுப் பார்த்தீங்க?"

சுருளிவேல் எலும்பைக் கடித்தபடியே சிரித்தார்.

"பறவைய யாரு பார்த்தா? உங்களத்தேன் பார்த்தேன். போன வருசம் நான் குதிச்ச மாதிரியே குதிச்சீங்க. பொய் சொல்றவுக அப்புடிக் குதிக்க மாட்டாக டீச்சர்."

டீச்சருக்குச் சுருக்கென்றது. நோட்டை எடுத்தார். போன ஏப்ரல் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரிக்குக் கீழே எழுதினார்: 'நண்டு உண்ணி, ஒன்று. முதலில் பார்த்தவர் சுருளிவேல். இரண்டாவது ஆள் கௌசல்யா.'

எட்டிப் பார்த்த ஃபர்ஹீனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அக்கா, போன வருசம் நீங்க வேனுக்குள்ளதான உக்காந்திருந்தீங்க?"

"ஆமா" என்றார் டீச்சர். "அண்ணே குதிச்சத இப்பத்தான் பார்த்தேன்."