நீளமான பெயர்கள்

“பேரே தெரியாதவங்களுக்கு எதுக்கு மாமா இவ்ளோ நீளமா பேரு வெச்சிருக்கீங்க?” என்று அலுவலகத்துக்கு அம்மாவோடு வந்த செண்பகவல்லியின் மகள் ஒருநாள் கணினித் திரையைப் பார்த்துக் கேட்டாள். “தேடி வர்றவங்களுக்கு அடையாளம் வேணும்ல கண்ணு,” என்றார் ஞானதிரவியம். கேட்பாரற்ற உடல்களை அடக்கம் செய்யும் அந்த அறக்கட்டளையில், அடக்கமானவர்களின் கோப்புகளுக்குப் பெயரிட்டவர் அவர்தான். இப்போது அவரும் இல்லை.

படங்களும் பதிவுகளுமாக மூன்று லட்சம் கோப்புகளைச் செண்பகவல்லி இணையச் சேமிப்பான கிளவுடில் ஏற்றியபோது இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் ஏறாமல் நின்றன. பெயர்கள் அளவுக்கு மீறி நீண்டிருந்தன. “மனுஷன் பேரு வெக்கச் சொன்னா கடுதாசி எழுதியிருக்காரு! எல்லாத்தையும் வெட்டிட்டு நம்பர் போடுங்கம்மா,” என்று மேலாளர் சிரித்தார்.

செண்பகவல்லியால் சிரிக்க முடியவில்லை. பதினோரு மாதம் தேடிய தம்பியை அவள் அப்படியொரு பெயரில்தான் கண்டாள்: ‘நீலக்கட்டம் போட்ட சட்டை, இடப்புருவத்தில் தழும்பு, பையில் பாதி தின்ற கடலைமிட்டாய், முகத்தில் வேதனை இல்லை.’ கடைசியில் இருந்தது அடையாளமே அல்ல. ஆனால் அதைப் படித்துச் சொன்ன பிறகுதான் அம்மா சோற்றில் கை வைத்தாள். செண்பகவல்லி இங்கே வேலைக்குச் சேர்ந்ததும் அதன் பிறகுதான்.

அடுத்த நான்கு நாளும், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில், ஒவ்வொரு கோப்பையும் திறந்து நீளப் பெயரை உள்ளே முதல் வரியாக எழுதிவிட்டு, அப்புறமே வெளியே பெயருக்குப் பதில் எண் போட்டாள். கடைசிக் கோப்பிலும் ‘முகத்தில் வேதனை இல்லை’ என்று இருந்தது. அதையும் விடாமல் எழுதினாள். கோப்பு ஏறியதற்கான பச்சை டிக் விழுந்தது. விரல்களைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, திறக்காத சோற்று டப்பாவைப் பைக்குள் வைத்தாள்.