சமத்துக் குழந்தை

"முதல்ல வந்தது நாங்கதான்!" என்று அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் எகிறினார் அப்பா. பைக்கிலிருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்ட மகன், அவர் தோளில் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். நர்ஸோ முகம் தெரியாமல் ஆக்ஸிஜன் மாஸ்க் மூடிய வேறொரு குழந்தையை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

அவர் குறுக்கே நின்றார். "என் பையன் உயிர் போற மாதிரி கத்துறான். அது கம்முனுதானே கிடக்குது?"

"கத்துற குழந்தை நல்லா மூச்சு விடுது சார். கம்முனு கிடக்குறதுதான் எங்களுக்குப் பயம். வழிய விடுங்க!"

"யாரு பெத்த பிள்ளையோ, காத்திருக்கட்டும்!"

"நாமதாங்க பெத்தோம்!" ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் மனைவி ஓடிவந்தாள். "இவளும்தானே பைக்லேர்ந்து விழுந்தா? அழாம இருக்கா, சமத்துன்னு நீங்கதானே பெஞ்சுல படுக்க வெச்சீங்க!"

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனது.

மகன் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "தங்கச்சிய ஏம்ப்பா மறிச்சீங்க?"