ஸ்டீயரிங்கில் சுருண்ட பாம்பு

தேவசகாயத்தின் பழைய காரில் கதவும் பூட்டாது, ஜன்னல் கண்ணாடியும் ஏறாது. திருடன் எட்டிப் பார்த்தால் அலறி ஓடட்டும் என்று ஒரு ரப்பர் பாம்பை வாங்கி ஸ்டீயரிங்கில் சுற்றி வைத்தார்.

பாம்புக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் திருடன் யாரும் வரவில்லை. பின் சீட்டுப் பஞ்சுக்குள் மூன்று குட்டிகளோடு குடியிருந்த அணில்தான் அதைப் பார்த்து நடுங்கியது.

"அண்ணே, பிள்ளைங்க இன்னும் கண்ணே திறக்கல. நாலு நாள் பொறுத்துக்குங்க, போயிடுறோம்" என்று கெஞ்சியது.

"பாவம்ப்பா, உண்மையைச் சொல்லிடேன்" என்று கார் கிசுகிசுத்தது.

சொன்னால் ஊருக்கே தெரிந்துவிடும், அப்புறம் யார் மதிப்பார்கள் என்று பாம்பு வாயைத் திறக்கவில்லை. தன்னைக் கண்டு ஒருத்தி நடுங்குவது அதற்குப் பிடித்தும் இருந்தது.

அந்த மௌனத்துக்கே பயந்துபோன அணில், கொட்டுகிற மழையில் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு எதிர் மரத்துக்கு ஓடியது. மூன்றாவதை எடுக்க வந்தபோது இடி இடித்தது. கார் அதிர்ந்ததில் பாம்பின் தலை ஆடியது. அணில் வெளியே பாய்ந்து மதில்மேல் ஏறிக்கொண்டது.

சீட்டில் குட்டி தாயைத் தேடிக் கீச்சிட்டது.

"வாம்மா, பயப்படாதே! நான் வெறும் ரப்பர்!" என்று பாம்பு தொண்டை கிழியக் கத்தியது.

"என் பிள்ளையை வச்சுக்கிட்டுக் கூப்பிடுற பாம்பு வேற என்ன சொல்லும்?" என்று அணில் நனைந்தபடி அழுதது.

பாம்பு விடாமல் கூப்பிட்டது. கூப்பிடக் கூப்பிட அணில் மதிலில் இன்னும் தள்ளித் தள்ளிப் போனது.