பேச்சு கொடுக்காதீர்கள்

'தோட்டா நிரப்புகிறேன். பேச்சு கொடுக்காதீர்கள்.'

கார் ஷெட் கதவில் வெர்ன் ஒட்டியிருந்த அட்டையைப் பார்த்தாலே அவன் மாமியார் ஓபலுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கதவைச் சாத்திக்கிட்டு அப்படி என்னத்தடி வெட்டி முறிக்கிறாரு உன் புருஷன்?"

"பேச்சுல கவனம் சிதறி ஒரு தோட்டாவுல வெடிமருந்து ரெண்டு தடவை விழுந்துட்டா துப்பாக்கி கையிலேயே வெடிச்சுடும்மா. அவரை விடு," என்றாள் மகள் லோர்னா.

உள்ளே டக், டக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. ஓபல் தன் மூட்டுவலியில் ஆரம்பித்துப் பக்கத்து வீட்டு நாயின் மூட்டுவலிக்கு வந்திருந்தாள். லோர்னா கார் சாவியை எடுத்துக்கொண்டு நழுவினாள்.

வெர்னுக்குப் பிறந்தநாள் வருகிறது. ஒரு டப்பா வெடிமருந்து வாங்கிக் கொடுக்கலாம் என்று துப்பாக்கிக் கடைக்குப் போனாள்.

"வெர்னுக்கா?" கடைக்காரர் விழித்தார். "தோட்டா நிரப்புற மெஷின், மருந்து, பூட்டு போட்ட பெட்டி எல்லாத்தையும் போன வருஷமே எங்கிட்ட வித்துட்டானே! வீட்டுல பேச்சு சத்தம் ஜாஸ்தியாயிடுச்சு, இனிமே நிரப்பினா ஆபத்துன்னு சொன்னான்."

கொதித்துப்போய் வீடு திரும்பியவள் ஷெட் கதவைப் படாரென்று திறந்தாள்.

மேஜை காலி. வெர்ன் சாய்வு நாற்காலியில் மல்லாந்திருந்தான். ஒரு கையில் செய்தித்தாள். மறுகையில் இருந்த சுத்தியலால் காபி டின்னைத் தட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் அவன் முகம் வெளிறியது.

"லோர்னா, வந்துட்டியா?" வீட்டுக்குள்ளிருந்து ஓபலின் குரல். "அந்த நாய்க்கு டாக்டர் என்ன சொன்னாராம் தெரியுமா..."

லோர்னா ஷெட்டுக்குள் நுழைந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நானும் தோட்டா நிரப்பக் கத்துக்கறேன். பேச்சு கொடுக்காதே!" என்று கத்திவிட்டு, வெர்னிடமிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.