மேல் தாழ்ப்பாள்

“ஜன்னலைத் திறங்க. காத்து எந்தப் பக்கத்துலேருந்து வருதுன்னு பாக்கணும்” என்றார் வேன்காரர்.

வீட்டு புரோக்கர் திறந்துவிட்டார். வேன்காரர் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து ஜன்னல் விளிம்பை அழுத்தித் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். லேசான மண் தூசு, அவ்வளவுதான். இப்போது இருக்கும் மாடி வீட்டில் காலையில் துடைத்தால் மாலைக்குள் மறுபடியும் கரி படிந்துவிடும். பின்பக்கம் பெயிண்ட் கம்பெனியின் புகைபோக்கி.

“இங்க புகைங்கற பேச்சுக்கே இடமில்ல சார். சுத்தி காய்கறித் தோட்டம்தான்” என்றார் புரோக்கர்.

வீட்டைக் காலி செய்கிறவர்கள் வெளியே போயிருந்தார்கள். பாதிச் சாமான்கள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன.

வேன்காரரின் மனைவி, மகன் குட்டியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றாள். குட்டிக்கு ஆறு வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு தடவைகூட ‘அம்மா’ என்று கூப்பிட்டதில்லை. ஆட்டிசம் என்று டாக்டர் பெயர் சொன்ன நாளிலிருந்து வேன்காரருக்குத் தூக்கம் போயிற்று. இப்போது அவள் வயிற்றில் இரண்டாவது.

“எதனாலன்னு உறுதியா சொல்ல முடியாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. புகைதான் காரணம்னு நீங்களா முடிவு பண்ணிட்டா எப்படி?” என்றாள்.

“டாக்டர் என் வண்டியில வர்றதில்ல. நான் ஸ்கூல் வேன் ஓட்ட ஆரம்பிச்சப்ப, குட்டி மாதிரி ஒரு பிள்ளையைக் கண்ணால பாத்ததில்ல. இப்ப காதைப் பொத்திக்கிட்டு ஒண்ணு, ஆடிக்கிட்டே ஒண்ணுன்னு எல்லா டிரிப்லயும் இருக்கு. இதெல்லாம் திடீர்னு எங்கேருந்து வந்துச்சு?”

“அப்பல்லாம் அந்தப் பிள்ளைங்கள யாரு ஸ்கூலுக்கு அனுப்புனா? வீட்டுக்குள்ளயே வெச்சுப் பூட்டிட்டாங்க.”

இதை அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. மனுஷனுக்குக் கைநீட்டித் திட்ட ஏதாவது ஒன்று வேண்டியிருந்தது. அந்தப் புகைபோக்கி உயரமாக, எங்கிருந்து பார்த்தாலும் தெரிகிற மாதிரி நின்றது.

“வயித்துல இருக்கறதாவது தப்பிக்கட்டும்” என்றார் வேன்காரர்.

“தப்பிக்கறது அது இதுன்னு குட்டி முன்னாடி பேசாதீங்க.”

வேன்காரர் புரோக்கர் பக்கம் திரும்பிப் பேச்சை மாற்றினார்.

“வாசக்கதவு உச்சியில, பெரியவங்க கைக்கு மட்டும் எட்டற மாதிரி ஒரு தாழ்ப்பாள் போடணும். இவன் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ரோட்டுக்கு ஓடிடுவான். அந்த வீட்டுல நானே போட்டு வெச்சிருக்கேன்.”

“அது இங்க ஏற்கெனவே இருக்கு சார்.”

மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இருந்தது. அடிக்கடி போட்டு எடுத்ததில் கைபட்டு மின்னியது. வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இவங்க ஏன் காலி பண்றாங்க?”

“டவுனுக்குள்ள போகணுமாம்” என்றார் புரோக்கர், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“ஒதுக்குப்புறம்ல, திருடன் பயத்துல போட்டிருப்பாங்க” என்று வேன்காரர் விஷயத்தை முடித்துவிட்டார்.

குடிபோகிற அன்று காலை, பழைய வீட்டுச் சாவியைப் புரோக்கரே வந்து வாங்கிக்கொண்டார். சாமான்களோடு புது வீட்டுக்குப் போனால், வாசலில் இன்னொரு லாரி கிளம்பத் தயாராக நின்றது. அதன் முன்சீட்டில் ஒரு சிறுமி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள்.

வேன்காரர், கயிறு கட்டிக்கொண்டிருந்த அவளுடைய அப்பாவிடம் போனார்.

“பாப்பாவுக்கு...”

“ஆட்டிசம்ங்க. பேச்சு வரல. எல்லாம் இந்தத் தோட்டத்துக்காரங்க பண்ற வேலை. பூச்சி மருந்து அடிச்சாங்கன்னா வீடு பூரா நெடி. போர் தண்ணியிலயும் அதான் கலக்குது. எங்க வீட்டுல நம்ப மாட்டேங்குறா, ஆனா எனக்கு நிச்சயமா தெரியும். இப்ப தம்பி பொறந்திருக்கான். அவனையாவது காப்பாத்தணும்ல?”

வேன்காரர் வாசல் கதவின் உச்சியிலிருந்த தாழ்ப்பாளை நிமிர்ந்து பார்த்தார்.

“இப்ப எந்தப் பக்கம் போறீங்க?”

“மருந்து வாடையே அண்டாத இடங்க. அங்க இருந்தவங்க வெளிய போயிருந்தப்ப போய், குழாய்த் தண்ணியக்கூட மோந்து பாத்துட்டேன்.” அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “பெயிண்ட் கம்பெனிக்குப் பின்னாடி மாடி வீடு. எங்களுக்குன்னே போட்ட மாதிரி, கதவு உச்சியில தாழ்ப்பாள்கூட இருக்குங்க.”