தர்மராஜ் வளர்த்த கடற்பஞ்சு

"தொட்டுடாதீங்க டீச்சர்! வெளிக்காத்து பட்டாலே செத்துப்போற ஜீவன் லா இது!"

தர்மராஜ் தொட்டிக்கு முன்னால் கையை விரித்து நின்றார். மலேசியாவில் தம்பின் ஊருக்குப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். போர்ட்டிக்சன் கடற்கரை மீனவர் ஒருவர் கடற்பஞ்சு கொடுத்த மறுநாளே வாசலில் 'கடலியல் ஆர்வலர்' என்று பலகை மாட்டிவிட்டார். தமிழ்ப்பள்ளி அறிவியல் கண்காட்சியில் அதற்கு நடுமேசை கொடுக்கலாமா என்று பார்க்க நிரோஷா டீச்சர் வந்திருந்தார்.

"இதுக்கு வாயில்ல, வயிறில்ல. ஒடம்பு பூரா பொடி ஓட்டை. உள்ள கணக்கில்லாத செல்லு. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சாட்டை, அதைச் சுத்தி சல்லடை மாதிரி காலர். சாட்டை ஆட ஆடத் தண்ணி உள்ள வரும். காலர்ல மாட்டுற துணுக்கை செல்லு முழுங்கிரும். மிச்சத் தண்ணி உச்சி வழியா வெளிய போயிரும். எங்க மேனேஜருக்கே நான்தான் லா சொல்லிக் கொடுத்தேன்!"

காப்பித் தட்டோடு நின்ற அவர் மனைவி திலகா தொட்டியைப் பார்க்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். நாலு மாதத்துக்கு முன், தொட்டியைக் கழுவுகிறேன் என்று அந்தப் பஞ்சை வெளியே எடுத்தவள் அவள்தான். காற்றுப் பட்டுவிட்டதே! அழுதுகொண்டே குப்பையில் போட்டுவிட்டு, பசார் சந்தையில் பாத்திரம் தேய்க்கிற பஞ்சு ஒன்றை வாங்கி, அளவாக வெட்டி அதே இடத்தில் சொருகினாள். கடலியல் ஆர்வலர் கண்டுபிடிக்கவில்லை. தினமும் அதற்குக் காலை வணக்கம் வேறு.

"உயிரோட இருக்கான்னு பார்த்திடலாம் ஐயா." நிரோஷா பையிலிருந்து சொட்டுக்குழாயை எடுத்தார். "பக்கத்துல நீலச் சாயம் விடறேன். உள்ள இழுத்து மேல விட்டா உயிர் இருக்கு."

தோட்டமே சிரிக்கப் போகிறது என்று நினைத்தாள் திலகா. மனுஷன் இனி கோயில் பக்கம்கூடத் தலைகாட்ட முடியாது.

"மொதல்ல காப்பி குடிங்க டீச்சர்," என்றாள் திலகா. யார் காதிலும் விழவில்லை.

சாயம் பஞ்சருகே ஒரு கணம் தயங்கியது. பிறகு மெல்ல உள்ளே போய், உச்சியிலிருந்து நீலப் புகையாக எழுந்தது.

"அடேங்கப்பா, என்னா இழு இழுக்குது! நடுமேசை உங்களுக்குத்தான் ஐயா!"

டீச்சரின் கார் செம்பனை மரங்களுக்குள் மறைந்ததும் திலகா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "பாத்திரம் தேய்க்கிற பஞ்சு எப்படிங்க தண்ணி இழுக்கும்?"

"அடியில, மணலுக்குள்ள நான் வச்ச குட்டி மோட்டார் இருக்கு லா." தர்மராஜ் மனைவியின் கண்ணைத் துடைத்துவிட்டார். "போர்ட்டிக்சன் பஞ்சு வந்த வாரமே செத்துப்போச்சி. நீ அழுது குப்பையில போட்டது, நான் லோபாக் டவுன் கடையில வாங்கி வச்ச பாத்திரம் தேய்க்கிற பஞ்சு."